மையவாடிக்கு வந்துசேராத லீவு

எங்கட மாமா மௌத்தானது ஒரு சனிக்கிழமை, ஸுபஹுக்குக் கொஞ்சம் பிறகு. கல்பிட்டிக் குடாநாட்டில் எங்கட ஊரில் மௌத்துச் செய்தி பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லி முடியிறதுக்குள்ளேயே பாதி ஊர் வாசலுக்கு வந்துவிடும். பத்து மணிக்குக் குளிப்பாட்டியாச்சு. கபன் செய்தாச்சு. லுஹர் தொழுகையோட அடக்கிவிடலாம் என்று பெரியவங்க பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் மாமி உள்ளே இருந்து கேட்டா: "என்ட மகன் வர வேணாமா?"

மாமாவின் ஒரே மகன், என் மச்சான், முப்படைகளில் ஒன்றில் வேலை. எந்தப் படை, எந்த முகாம் என்பது இங்கே தேவையில்லை. கிழக்கில் ஒரு முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கே அவனுக்குப் போன் போய்விட்டது. ஆனால் லீவுத் துண்டில் கையொப்பம் வைக்க வேண்டியவர் முகாமில் இல்லை. அவருக்குப் பதிலாக வைக்கக்கூடியவர் "மரணத்தை உறுதிப்படுத்த வேண்டும்" என்றார். ஊரில் கிராம சேவகரைத் தேடிப் பிடித்து, அவர் பேசி, அங்கே ஆள் மாறி ஆள் கேட்டு, அவன் வாசலைத் தாண்டும்போது ஒரு மணி. பிறகு பஸ். அநுராதபுரம் வந்து, புத்தளம் பஸ் பிடித்து, பாலாவிச் சந்தியில் இறங்கி, அங்கே இருந்து இன்னும் நாற்பது கிலோமீற்றர்.

ஊர் அஸர் வரைக்கும் பார்த்தது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதில் இருந்தே தெரிந்த விசயம். அஸருக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். மச்சான் வந்தது இஷா முடிந்த பிறகு. நேராக மையவாடிக்குப் போனான். போன் வெளிச்சத்தில் ஈர மண்ணைக் காட்டினோம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. "மூணு நாள்தான் தந்தாங்க. அதில ஒண்டு பஸ்ஸிலயே போயிட்டு" என்று மட்டும் சொன்னான்.

அந்த இரவில் இருந்து ஒரு கேள்வி எனக்குள் கிடக்கிறது. வாப்பா மௌத்தானால் மகன் வர வேண்டும் என்பது எங்களுக்குச் சாதாரண விசயம். அதற்கு ஒருவரின் கையொப்பம் தேவை என்ற நிலை எப்போது, எப்படி வந்தது? தேடிப் பார்த்தபோது, இந்தக் கதையின் பெரும்பகுதி எங்கட கரையிலேயே கிடப்பது தெரிந்தது.

லீவு என்ற சொல்

முதலில் ஒரு வேடிக்கை. இந்தியத் தமிழில் 'விடுப்பு' என்றால் லீவு. இலங்கையில், குறிப்பாக வடக்குப் பக்கம், விடுப்பு என்றால் ஊர்க்கதை. "விடுப்புப் பார்க்க வந்தியா?" என்று கேட்டால் நீங்கள் வம்பு தேடி வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால் எங்களுக்கு லீவு லீவுதான். பேச்சில் லீவு, எழுத்தில் விடுமுறை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் 'அனுமதி'. பள்ளிக்கூட லீவும் கந்தோர் லீவும் எங்களுக்கு உரிமையாகிவிட்டன. படையில் அது இன்னும் பழைய பொருளில்தான் நிற்கிறது. அனுமதி இருந்தால் லீவு. அனுமதி இல்லாமல் அதே வீட்டுக்கு, அதே மரணத்துக்குப் போனால் அது குற்றம். பிரித்தானியாவின் 1881ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் இதை நாள் கணக்கில் எழுதி வைத்தது. லீவு இல்லாமல் ஒரு சிப்பாய் 21 நாள் காணாமல் போனால் விசாரணை மன்றம் கூட்டிப் பதிவு செய்யலாம். திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனால் அது தப்பியோட்டம். எங்கள் நாட்டின் இராணுவச் சட்டம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். அது அந்தப் பிரித்தானிய மரபில் இருந்து பிறந்தது. 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவானபோது சீருடையோடு இந்த வேறுபாடும் கூடவே வந்தது.

கோட்டைக்குள் இருந்தவர்கள்

கல்பிட்டிக் கோட்டையை நீங்கள் வெளியில் இருந்தாவது பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676 அளவில் முடித்த கோட்டை. 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. விஜய கடற்படை முகாம் பக்கத்திலேயே. ஊருக்குள் ஒல்லாந்தர் தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. அங்கே பழைய கல்லறைக் கற்கள் கிடக்கின்றன.

அந்தக் கோட்டையில் காவல் நின்றவர்கள் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிச் சிப்பாய்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம். அதில் கப்பல் பயணக் காலம் சேராது. ஊருக்குப் போய்த் திரும்பி வருகிற லீவு என்ற ஒன்றே அவர்களுக்குக் கிடையாது. ஒல்லாந்தில் தாய் செத்தால், அந்தச் செய்தி கப்பலேறி, நன்னம்பிக்கை முனை சுற்றி, கொழும்பு வந்து, கல்பிட்டிக்கு வர எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். கடிதத்தைப் பிரித்து அழும்போது புதைகுழி மேல் புல் முளைத்திருக்கும்.

கம்பெனி கணக்கில் கெட்டி. ஒவ்வொரு கப்பலுக்கும் சம்பளப் பேரேடு உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு பக்கம். செத்தால் அந்தப் பக்கத்தில் திகதி எழுதி, மிச்சச் சம்பளத்தை ஒல்லாந்தில் உள்ள உறவினருக்குக் கணக்கு முடிப்பார்கள். 1602 முதல் 1795 வரை அந்தக் கம்பெனிக் கப்பல்களில் ஆசியாவுக்குக் கிளம்பியவர்கள் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர். திரும்பிப் போனவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. அந்தக் காலத்தில் படைக்குப் போவது என்றால் குடும்பத்தைப் பொறுத்தவரை உயிரோடே விடைபெறுவது. ஒரு பக்கம் நடக்கும் மரணம் மறுபக்கத்துக்கு வெறும் கடிதம்.

அடுத்து வந்த ஆங்கிலேயர் வேறு ஒரு வழி வைத்திருந்தார்கள். இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் என்ற படையில் பெரும்பாலும் மலாய்க்காரர். எங்கட புத்தளமும் அந்தப் படைப் பிரிவுகள் நின்ற ஊர்களில் ஒன்று. வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா 'ஓராங் ரெஜிமென்' என்ற நூலில் இவர்களின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். இந்தச் சிப்பாய்களின் மனைவி, பிள்ளைகள் முகாம் வரிசை வீடுகளிலேயே கூட வாழ்ந்தார்கள். படை இடம் மாறினால் குடும்பமும் மாறும். மரணம் வந்தாலும் முகாமுக்குள்ளேயே ஜனாஸா, முகாமுக்குள்ளேயே கத்தம். லீவு கேட்கவே தேவையில்லை, ஏனென்றால் வீடே முகாமுக்குள் இருந்தது. 1873இல் அந்த ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. சிப்பாயையும் வீட்டையும் ஒரே இடத்தில் வைத்த அந்த ஏற்பாடும் அதோடு முடிந்தது.

ராஜாளிய

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைக் குண்டுவீசின. 9ஆம் திகதி திருகோணமலை. அதற்குப் பிறகு இலங்கை முழுக்க விமான ஓடுபாதைகள் முளைத்தன. அப்படி வந்ததுதான் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம். அதன் பெயர் எச்.எம்.எஸ். ராஜாளிய. சிங்களத்தில் ராஜாளி, கழுகு. நிலத்தில் இருந்தாலும் கடற்படைத் தளங்களுக்குக் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இன்றைக்குப் பாலாவியில் விமானப்படை முகாம் இருக்கிற இடம் அந்த யுத்த காலத்து ஓடுபாதைதான். விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து இறங்கிய கோர்செயார் போர் விமானங்களை இங்கே யானைகள் இழுத்துத் தள்ளிய படங்கள் இணையத்தில் கிடைக்கும். தேடிப் பாருங்கள், நல்ல படங்கள்.

யானையைப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பையன்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். லிவர்பூலிலோ கிளாஸ்கோவிலோ வீடு. அங்கே அதற்கு முன்பு குண்டு விழுந்திருந்தது. இவர்களை விட இவர்களின் தாய்தகப்பனுக்கு ஆபத்து அதிகமாக இருந்த காலமும் அந்த யுத்தத்தில் உண்டு. தந்தி இப்போது இருந்தது. 1858இலேயே இலங்கைக்குத் தந்தி வந்துவிட்டது. 1941இல் 'ஏர்கிராஃப்' என்ற புது முறையும் தொடங்கியது. கடிதத்தைச் சின்ன ஃபிலிம் சுருளில் படமெடுத்து விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். ஒல்லாந்துச் சிப்பாய்க்கு ஒரு வருடம் பிடித்த செய்தி இப்போது சில நாளில் வந்தது.

ஆனால் ஆள் போக முடியாது. கப்பலில் பல வாரம். விமானத்தில் இடம் தளபதிகளுக்கே தட்டுப்பாடு. தாய் இறந்த தந்தி புத்தளத்தில் கையில் கிடைக்கும்போது அடக்கம் நாளைக்கோ நாளன்றைக்கோ நடக்கப் போகிறது என்று தெரியும். அன்றைக்கு மாலை வழக்கம்போல வேலைக்கு நிற்க வேண்டும். செய்தி வேகமாக வந்து ஆள் போக முடியாத இந்த நிலை, செய்தியே வராத காலத்தை விடக் கொடுமையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது ஒருவர் இருவரின் துக்கமாக நிற்கவில்லை. பேராதனைப் பூங்காவில் 1944இல் இருந்து இயங்கிய தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்துக்கு, படையினரின் வீட்டு ஏக்கம் ஒரு யுத்தப் பிரச்சினையாகவே வந்தது. 1944 கடைசியில் லண்டன் அரசு மன்ஸ்டர் பிரபுவை அனுப்பி இந்தியாவிலும் இந்தப் பக்கத்திலும் உள்ள படையினரின் நலன் பற்றி அறிக்கை வாங்கியது. தரைப்படையில் 'பைத்தன்' என்று ஒரு திட்டம் இருந்தது. இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தால் ஊருக்கு அனுப்புவோம் என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் படிப்படியாகக் குறைத்து 3 வருடம் 8 மாதம் ஆக்கினார்கள். 1945 ஜூனில் 3 வருடம் 4 மாதம் ஆக்கினார்கள். நாலு மாதம் குறைந்ததற்கே பெருந்தொகையான ஆட்கள் ஊருக்குக் கிளம்ப உரிமை பெற்றார்கள், மலாயாவில் இறங்கத் தயாரான படையின் திட்டமே குழம்பியது. வீட்டுக்குப் போகும் ஆசை எவ்வளவு பெரிய எடை என்பதைத் தளபதிகள் அப்போது நேரில் பார்த்தார்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். இங்கே இறந்த பிரித்தானியப் படையினரின் உடல் ஊருக்குப் போகவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இருந்தே அவர்களின் கொள்கை, விழுந்த நாட்டிலேயே அடக்கம். அதனால்தான் கொழும்பிலும் கண்டியிலும் திருகோணமலையிலும் அந்த வரிசையான வெள்ளைக் கற்கள்.

லீவு போகிற பாதை

1990இல் யுத்தம் மறுபடி வெடித்தபோது யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லாமல் போனது. வடக்கு முகாம்களில் இருந்த ஒரு சிப்பாய்க்கு, பெரும்பாலும் தெற்கின் ஒரு ஏழைக் கிராமத்துச் சிங்களப் பையனுக்கு, வீட்டில் மரணம் என்றால் இரண்டே வழி. பலாலியில் இருந்து விமானம், இல்லாவிட்டால் கப்பல். கையொப்பம் கிடைத்தாலும் இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் போய்ச் சேர வேண்டும்.

1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. கிட்டத்தட்ட நூறு பேர் இறந்தார்கள். 2006 மே 11இல் 710 படையினரோடு வடக்கு நோக்கிப் போன பேர்ள் குரூஸர் கப்பலைக் கடற்புலிகள் குறிவைத்தார்கள். கப்பல் தப்பியது, காவலுக்குப் போன டோரா ஒன்று மூழ்கியது. அதே வருடம் ஒக்டோபர் 16இல் ஹபரணைக்குப் பக்கத்தில் திகம்பத்தனையில் நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். திருகோணமலையில் இருந்து லீவில் போகிற கடற்படையினரும், லீவு முடிந்து வருகிறவர்களும் பஸ் மாறுகிற இடம் அது. வெடிமருந்து நிரப்பிய லொறி அங்கே மோதியது. 90 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த பஸ்களில் இருந்தவர்களின் பைகளில் என்ன இருந்திருக்கும் என்று சில நேரம் நினைப்பேன். பிள்ளைக்கு வாங்கிய சாமான், அம்மாவுக்கு மருந்து, யாரோ ஒருவரின் ஏழாம் நாள் தானத்துக்கு எடுத்துப் போன காசு. அந்தப் படை எங்கட ஆட்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வி தனியாக இருக்கிறது, அதைக் கேட்காமல் விடவும் கூடாது. ஆனால் லீவில் வீட்டுக்குப் போகிறவன் அந்த நேரத்தில் யாருடைய பிள்ளையோ தான்.

விமானப் பயணம் பொதுமக்களுக்கும் அதே பயம்தான். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில் இருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர். பெரும்பாலும் தமிழ்ப் பயணிகள். சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல். மையத்தைக் காணாமல் பதினான்கு வருடம் இருந்த வீடுகள் அவை.

பாஸ் இல்லாதவர்களின் கதை

லீவுக்குக் கையொப்பம் தேவைப்பட்டது சிப்பாய்க்கு மட்டும் இல்லை. யுத்த காலத்தில் வடக்கில் சாதாரண சனத்துக்கும் அதே நிலைதான். புலிகளின் பகுதியில் இருந்து வெளியேற அவர்களின் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். வவுனியா வந்தால் இராணுவத்தின் பாஸ் வேண்டும். கொழும்பில் அண்ணன் செத்தால் கிளிநொச்சியில் தங்கை இரண்டு பக்கமும் கெஞ்ச வேண்டும். எல்லாம் முடிந்து போகும்போது எட்டுச்செலவும் முடிந்திருக்கும். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது அதில் போன முதல் ஆட்களில் எத்தனை பேர் பழைய மரண வீடுகளுக்குப் போனார்கள் என்று ஒரு கணக்கு எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புத்தளம் கரைக்கு இதில் தனிக் கதை உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு சனம் வள்ளங்களில் கடல் வழியாகக் கல்பிட்டியில் வந்து இறங்கியது. அவர்களில் வயதானவர்கள் பலர் எங்கட கரையிலேயே, ஓலைக் கொட்டில்களிலேயே மௌத்தானார்கள். அவர்களின் வாப்பாவும் உம்மாவும் படுத்திருக்கும் மையவாடி வடக்கில். அவர்கள் படுத்திருப்பது புத்தளத்தில். எலுவாங்குளம் வழியாக வில்பத்துக்குள்ளால் மன்னாருக்குப் போகும் பாதை யுத்தத்தில் மூடிக் கிடந்தது. எருக்கலம்பிட்டிக்கோ முசலிக்கோ போய் ஒரு கபுறை ஸியாரத் செய்துவிட்டு வருவது இருபது வருடக் கனவாக இருந்தது பலருக்கு.

யுத்தம் முடிந்தும் இது முடியவில்லை. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஒரு பெண் இறந்தார். கணவர் ஆயுள் தண்டனை பெற்ற தமிழ் அரசியல் கைதி. இறுதிச் சடங்குக்கு அவருக்குக் கிடைத்தது மூன்று மணித்தியாலம். முடிந்து சிறை வாகனத்தில் அவர் ஏறியபோது அவரின் சின்ன மகளும் கூடவே ஏறினாள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிப்பாய்க்கு மூன்று நாள், கைதிக்கு மூன்று மணித்தியாலம். இரண்டு பேரும் ஒரே கதவின் முன்னால்தான் நிற்கிறார்கள்.

யார் சொந்தம்?

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் படையினரின் வீட்டில் மரணம் என்றால் குடும்பம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்லும். அவர்கள் வைத்தியசாலையிலோ மரண வீட்டிலோ விசாரித்து உறுதி செய்து படைத் தளபதிக்குச் செய்தி அனுப்புவார்கள். இந்தப் பொறுப்பை அந்த நாட்டுச் சட்டமே நூறு வருடத்துக்கு முன்பு அவர்களிடம் கொடுத்தது. பிரித்தானியாவில் இன்ஸ்வொர்த் என்ற இடத்தில் 24 மணி நேரமும் இயங்கும் ஒரு நிலையம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மரணத்தை உறுதிப்படுத்துகிற வேலை, துக்கத்தில் இருக்கிற பையனின் தலையிலோ ஒற்றை ஒஃபிஸரின் மனநிலையிலோ விழுவதில்லை.

இந்திய இராணுவத்தில் சிப்பாய்க்கு வருடத்தில் 60 நாள் வருடாந்த லீவு, 30 நாள் தற்செயல் லீவு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து போன சிப்பாய்களுக்கு நெடுங்காலம் தந்திதான் சாட்சி. 'தகப்பனார் கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்ற மாதிரித் தந்தி இல்லாமல் லீவு பேச முடியாது. லீவுக்காகவே பொய்த் தந்தி கொடுத்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. பொய்த் தந்தி வந்ததால் உண்மைத் தந்தியையும் சந்தேகித்தார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை மூடப்பட்டது. சந்தேகம் மட்டும் மூடப்படவில்லை.

இன்னொரு கேள்வி, யாருடைய மரணத்துக்கு லீவு? அமெரிக்காவில் 2022இல் புதிதாக வந்த விதிப்படி, 14 நாள் வரை துக்க லீவு கிடைக்கும். ஆனால் மனைவி, கணவர், பிள்ளை இறந்தால்தான். தாய் தகப்பனுக்கு இல்லை. அதற்குச் சொந்த லீவைத்தான் எடுக்க வேண்டும். அட்டவணை போடும்போது எங்கோ ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும், அது விளங்குகிறது. ஆனால் எங்கட வீடுகளில் தூக்கி வளர்த்தது மூத்தம்மாவாக இருக்கும். படிப்பித்தது சாச்சாவாக இருக்கும். பால் தந்த பெரியம்மா இருப்பா. எந்தப் படிவத்திலும் அவங்களுக்கு ஒரு கட்டம் இல்லை.

நாள் கணக்கும் அப்படித்தான். எங்களுக்கு அடக்கம் அன்றைக்கே. உடப்பில் இருக்கிற இந்து நண்பனுக்கு எட்டு, அந்தியேட்டி 31 என்று போகும். சிங்கள நண்பனுக்கு உடலை இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம், ஏழாம் நாள் தானம் முக்கியம். ஆக, ஒரே 'மூன்று நாள் லீவு' ஒருவனுக்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் கிடைத்தால்தான் பயன். இன்னொருவனுக்குப் பிந்திக் கிடைத்தாலும் பரவாயில்லை, நீளமாகக் கிடைக்க வேண்டும். அரசுக்கு இது விளங்காத விசயம் இல்லை. அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையில், கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா லீவு இருக்கிறது. நாலு மாதம் பத்து நாள் என்ற மார்க்கக் கணக்கை அரசின் புத்தகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு சமூகம் எப்படித் துக்கம் காக்கிறது என்று பார்த்து விதி எழுத முடியும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டாம்.

கையொப்பம் கிடைக்காதவன்

லீவு கிடைக்காதவன் என்ன செய்வான்? பெரும்பாலானோர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். சிலர் சுவரேறிப் போவார்கள். போய் அடக்கம் முடித்து, திரும்பப் பயந்து, ஒரு கிழமை இரண்டு கிழமையாகி, பிறகு திரும்பவே முடியாத ஆளாகிவிடுவார்கள். தப்பியோடியவர்களுக்கு இலங்கை அரசு காலத்துக்குக் காலம் பொது மன்னிப்பு அறிவிக்கிறது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்த மன்னிப்பில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட இராணுவத்தினர் சட்டப்படி விலகினார்கள். அத்தனை பேரும் மரண வீட்டுக்காகப் போனவர்கள் இல்லை. பயம், கடன், வேலையின் கஷ்டம் என்று நூறு காரணம் இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தாயின் அடக்கத்துக்குப் போய், குற்றவாளியாகிவிட்டவன் ஒருவனும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

கையொப்பம் இருந்தும் கதவு மூடின காலமும் உண்டு. 2020 ஏப்ரல் கடைசியில், வெலிசறை கடற்படை முகாமில் கொரோனா பரவியபோது, முப்படையினரின் லீவு எல்லாம் ரத்து செய்யப்பட்டது. லீவில் இருந்தவர்களையும் முகாமுக்குத் திருப்பி அழைத்தார்கள். அப்போது காரணம் இருந்தது. காரணம் இருக்கும்போது லீவை எவ்வளவு வேகமாக ஒரே நாளில் ரத்து செய்ய முடிகிறது என்பதைப் பார்த்தேன். அதே வேகத்தில் கொடுக்கவும் முடியும்தானே?

மச்சான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். போன பெருநாளைக்கு வந்தபோது இதை எழுதப் போகிறேன் என்றேன். "பெயர் போடாத" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான்: "அந்த ஒஃபிஸர் கெட்ட ஆள் இல்ல. அவர்ட உம்மா மௌத்தானப்ப அவரையும் விடல்லயாம். அதச் சொல்லித்தான் எனக்குக் கையொப்பம் வச்சாரு."

நான் அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். தனக்கு நடந்தது ஞாபகம் வந்த ஒரு மனிதர் கிடைத்ததால் மச்சானுக்கு இரவிலாவது வர முடிந்தது. கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? மரணம் உறுதியானதும் ஆறு மணித்தியாலத்துக்குள் ஆளை வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், இது ஒருவரின் ஞாபகத்திலோ நல்ல மனதிலோ தங்கி நிற்கத் தேவையில்லை.

உங்கட வீட்டிலும் படையிலோ பொலிசிலோ கப்பலிலோ வெளிநாட்டிலோ இருந்து மரண வீட்டுக்கு வர முடியாமல் போனவர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவரோட தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு யார் கையொப்பம் வைக்க வேண்டியிருந்தது, எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று. கேட்டதை எழுதி வையுங்கள். கல்பிட்டித் தேவாலயத்தில் கல்லுகளாவது இருக்கின்றன. எங்கட ஆட்களின் இந்தக் கதைக்கு இன்னும் ஒரு பக்கம்கூட இல்லை.